வழக்கு நடக்கும்போதும் தண்டனைக்குப் பிறகும் வேலை தேடுவது எப்படி? சேலம், ஏற்காடு மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ் முதலில் அஸ்தம்பட்டியைத் தொடும். மத்திய சிறையும் நீதிமன்ற வளாகமும் அங்கேதான். கொஞ்சம் தள்ளிக் கோரிமேடு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் அங்கே இருக்கிறது. பிறகு அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், காபித் தோட்டங்கள். முதல் இரண்டு கட்டடங்களுக்குள் போய் வந்தவர்கள் கோரிமேட்டில் இறங்கத் தயங்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குமாஸ்தா. கட்டு (வழக்குக் கோப்பு) தூக்குவது, வாய்தா (அடுத்த விசாரணைத் தேதி) குறிப்பது, நகல் மனு போடுவது என் வேலை. வழக்கைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வெளியே வருபவர்கள் என் மேசையருகே நின்று கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இதை வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போக முடியுமா?"

முடியும். நான் கவனித்த வரையில், வேலை கொடுப்பவர் அஞ்சுவது வழக்கைவிட வேறு இரண்டு விஷயங்களுக்கு. ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவானோ என்பது ஒன்று. நம்மிடம் எதையோ மறைத்துவிட்டானே என்பது இன்னொன்று. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு பயங்களையும் போக்குவதற்காகவே.

படி 1: உங்கள் வழக்கின் நிலையை ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள்

"என் மேல் கேஸ் இருக்கிறது" என்பது ஒரு பதிலே அல்ல. சி.எஸ்.ஆர். போட்டதையே வழக்கு என்று நினைத்து, வந்த வேலையை வேண்டாமென்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். புகார் கொடுத்தவருக்குக் காவல் நிலையத்தில் தரும் ரசீதுதான் சி.எஸ்.ஆர். அதில் உங்கள் பெயர் இருப்பதாலேயே நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள்.

முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால் அதற்கு ஒரு குற்ற எண் இருக்கும். பாலியல் குற்றம் போன்ற வழக்குகளைத் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அதைக் கோப்புக்கு எடுத்ததும் சி.சி. எண், அதாவது நீதிமன்றத்தின் வழக்கு எண், விழும். கூடவே 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்றும் வரும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்பது வீட்டிலிருந்தே தெரியும். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வழக்கு முடிந்தவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். சீட்டாட்டத்தில் பிடிபட்டோ, பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தோ, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருகிறார்கள். "காசு கட்டியாயிற்று, அது கேஸே இல்லை" என்கிறார்கள். அதுவும் தண்டனைதான். பின்னால் ஒரு படிவத்தில் "எந்தக் குற்றத்துக்காவது தண்டிக்கப்பட்டீர்களா" என்று கேட்டால், இல்லை என்று எழுத முடியாது. ஒப்புக்கொள்ளச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், வேலை தேடும் வயதில் இருப்பவர் இதை யோசித்துவிட்டுத் தலையாட்ட வேண்டும்.

இரு தரப்பும் சமரசமாகி, சட்டப்படி சமரசத்துக்கு உரிய குற்றத்தை நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் அது விடுதலைக்குச் சமம். வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தால் அந்த உத்தரவே போதும். விடுதலைத் தீர்ப்பாக இருந்தால் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்பதும் "சந்தேகத்தின் பலனை அளித்து" என்பதும் வீட்டுக்குப் போவதற்கு ஒன்றுதான். அரசு வேலைக்கு, குறிப்பாகக் காவலர் வேலைக்கு, ஒன்றல்ல. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார்.

மேல்முறையீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. பெரும்பாலும் கிடைப்பது முதலாவதுதான்; அதில் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும்.

சம்பவம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவராக இருந்து, வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்திருந்தால், 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உங்களுக்கானது. அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று அது சொல்கிறது. கொடுங்குற்றத்தில் 16 வயதைக் கடந்து, வயது வந்தவராக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

படி 2: காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

முதல் தகவல் அறிக்கை, ஜாமீன் உத்தரவு, தீர்ப்பு இருந்தால் அதன் சான்றிட்ட நகல். தீர்ப்பு நகலுக்கு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுப் போட வேண்டும். கட்டு ஆவணக் காப்பறைக்குப் போய்விட்டால் தேடி எடுக்க நாளாகும். ஆகவே வேலை கிடைத்த பிறகு ஓடாமல் இப்போதே வாங்கிவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் ஆளை எடுக்கும் முன் வெளி நிறுவனங்களை வைத்து நீதிமன்றப் பதிவுகளில் பெயரைத் தேடுகின்றன. நம் பக்கம் முருகன், செல்வம், குமார் என்ற பெயர்கள் எத்தனை! தந்தை பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்துவிட்டால், யாரோ ஒருவருடைய வழிப்பறி வழக்கு உங்கள் தலையில் விழும். அப்போது தந்தை பெயர், முகவரி, வயது ஆகியவை தெரியும் ஆவணத்தைக் காட்டி அது நீங்கள் இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். விடுதலையான பிறகும் இணையத்தில் பெயர் நிற்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: விடுதலையான ஒருவருடைய பெயரைத் தீர்ப்பின் பொது நகலிலிருந்து மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் உத்தரவிட்டது, அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விடுதலைத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

காவல் துறைச் சரிபார்ப்பு கேட்டால், சேலம் மாநகரத்தில் குடியிருப்பவர்களுக்கு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், ஏற்காடு உள்ளிட்ட மற்ற பகுதிகளுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். விண்ணப்பம் இணையத்திலேயே.

படி 3: கையெழுத்தையும் வாய்தாவையும் வேலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வேலை போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாக வரும் ஒரு வரி: தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்தரை இருக்கிறதே, அது ஒரு வேலை நாளின் நடுவில் அடித்த ஆணி. அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் காலை எட்டு மணிக்குத் தறியில் நிற்க வேண்டும். பத்து மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு நிலையத்துக்கு ஓடுவார். கையெழுத்து நோட்டு உள்ளே மேசையில்தான் இருக்கும். அதை எடுத்து வைக்க வேண்டியவர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். வேப்பமரத்தடியில் பன்னிரண்டு மணி வரை நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவருடைய தறியில் வேறொருவர் நிற்பார். இப்படி இரண்டு இடங்களில் வேலை போயிற்று.

அவருக்குச் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் கையெழுத்துப் போட வைத்தோம். பிறகு அதே நீதிமன்றத்தில் நிபந்தனைத் தளர்வு மனு போட்டோம். மனுவோடு, வேலை கொடுக்கத் தயாராக இருந்த தறி முதலாளி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் வைத்தோம். "இவர் வேலைக்கு வந்தால் எடுத்துக்கொள்வேன், வேலை நேரம் இது" என்ற இரண்டு வரிகள்தான். தினசரிக் கையெழுத்து வாரம் ஒரு நாளாகக் குறைந்தது. இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். தளர்வு கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, நீதிபதியின் முடிவு அது. ஆனால் கேட்காதவருக்கு யாரும் தாமாகத் தளர்த்துவதில்லை.

குற்றப்பத்திரிகைக்குப் பிறகு கையெழுத்து போய் வாய்தா வரும். வர முடியாத ஒரு நாளுக்கு வழக்கறிஞர் மூலம் மனுப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து அதை "317 மனு" என்றுதான் வளாகத்தில் இன்றும் சொல்கிறோம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 355-ஆம் பிரிவு. தொடர்ந்து நேரில் வருவதிலிருந்தே விலக்குக் கேட்பது பழைய 205, புதிய 228. மனு இல்லாமல் வராமலிருந்தால் பிடிவாரண்டு. பட்டறை வாசலில் போலீஸ் வந்து நிற்பதை ஒரு முறை பார்த்த முதலாளி, மறுநாள் உங்களைக் கூப்பிட மாட்டார்.

ஜாமீன் உத்தரவில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, ஊரைவிட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனை. அது இருந்தால் சங்ககிரி லாரிகளில் கிளீனராக வடநாடு போகும் எண்ணத்தை ஒத்திப்போட வேண்டியதுதான். இரண்டாவது, சாட்சிகளைக் கலைக்கக் கூடாது என்பது. சாட்சி வேலை செய்யும் அதே தோட்டத்திலோ பட்டறையிலோ நீங்களும் போய்ச் சேர்ந்தால், வாயே திறக்காவிட்டாலும் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பதற்கு எதிர்த் தரப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

படி 4: மூடிய கதவுகளில் முட்டிக்கொள்ள வேண்டாம்

ஒழுக்கக்கேடான குற்றம் என்று சட்டம் கருதும் குற்றங்களில், அதாவது திருட்டு, மோசடி போன்றவற்றில் தண்டிக்கப்பட்டவரை வங்கிகள் வேலைக்கு வைத்துக்கொள்ள வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே தடை செய்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரைக் காவலாளியாக வைக்க முடியாது. "வாட்ச்மேன் வேலையாவது கிடைக்காதா" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். பள்ளி, விடுதி போன்ற இடங்களில் குழந்தைகளோடு பழகும் எல்லா ஊழியர்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் சொல்கின்றன.

வெளிநாடு போக நினைப்பவர்கள்: நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம், ஆனால் அதே நீதிமன்றத்தில் அனுமதி உத்தரவு வாங்கி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உத்தரவில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஓராண்டுக்கு மட்டும் தருவார்கள். வெறும் முதல் தகவல் அறிக்கையை நிலுவை வழக்காகக் கருத முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. "கேஸ் இருந்தாலும் பரவாயில்லை, நான் அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லும் ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

படி 5: எங்கே தேடுவது

முதலில் உங்கள் வழக்கின் தன்மையையும் வேலையின் தன்மையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேலம் கொலுசுப் பட்டறைகளில் காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், மாலையில் எடை போட்டு வாங்குவார்கள். சேதாரம் போக ஒரு கிராம் குறைந்தாலும் கேள்வி வரும். திருட்டு வழக்கு உள்ளவர் அங்கே போனால், யாரோ செய்த குறைவுக்கும் முதலில் பார்க்கப்படுவது அவர் முகம்தான். அடிதடி வழக்கு உள்ளவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. திருட்டு வழக்கு உள்ளவர் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறக்கலாம், தறி ஓட்டலாம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகலாம், கட்டட வேலைக்குப் போகலாம். இவை எண்ணிக்கையாலும் உழைப்பாலும் அளக்கப்படும் வேலைகள். பெரும்பாலும் ஆளைத் தெரிந்த மேஸ்திரியின் வார்த்தையே சான்றிதழ்.

விசைத்தறிக்குப் போகிறவர்கள் முன்பணத்தில் கவனமாக இருங்கள். ஜாமீன் செலவுக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் பணம் தேவைப்படும் நேரத்தில் முதலாளி மொத்தமாகக் கொடுப்பார், கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்வார். கடன் தீரும் வரை வேறு தறிக்குப் போக முடியாது என்ற நிலை வரும். கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் வழக்கு உள்ளவர் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையம் போவாரா? போக மாட்டார் என்பது முதலாளிக்கும் தெரியும். வழக்கறிஞர் கட்டணத்துக்காகக் கடன் வாங்கும் முன், இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பலருக்கு இது தெரியாமல், நகையை அடகு வைத்துவிட்டு வருகிறார்கள்.

மலையில் கணக்கே வேறு. காபிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும், அதையொட்டி மிளகு. பறித்த எடைக்குக் கூலி கிடைக்கும் இடங்களில் வாய்தாவுக்கு ஒரு நாள் மலையிறங்கினால் அன்றைய கூலிதான் போகும், வேலை போகாது. வழக்கு உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு குறைவு. கோடை விழாவையொட்டி விடுதிகளிலும் ஆள் தேவைப்படும். ஆனால் மலையில் ரகசியம் கிடையாது. நாகலூரில் நடந்தது மஞ்சக்குட்டைக்கு மாலைக்குள் தெரிந்துவிடும். புகார் கொடுத்தவரும் மலையிலேயே இருந்தால், வழக்கு முடியும் வரை சேலத்தில் தங்கி வேலை பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கோரிமேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்ய வழக்கு ஒரு தடை அல்ல. அங்கே நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குத் தயங்காமல் போகலாம்.

படி 6: என்ன எழுதுவது, என்ன சொல்வது

அரசு வேலைக்கான விதியை 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கைது, நிலுவை வழக்கு, தண்டனை பற்றிக் குறிப்பாகக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் அதற்காகவே நியமனத்தை ரத்து செய்யலாம். அற்ப வழக்கை மறைத்தது தெரிந்தால், சூழ்நிலையைப் பார்த்து அதிகாரி மன்னிக்கவும் இடமுண்டு. குறிப்பாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்ததாகச் சொல்ல முடியாது. தீர்ப்பு அரசு வேலையைப் பற்றியது என்றாலும், தனியார் படிவங்களுக்கும் நான் இதையே சொல்கிறேன்: கேட்டதற்கு உண்மை, கேட்காததற்கு மௌனம்.

படிவத்தின் சொற்களைக் கூர்ந்து பாருங்கள். "தண்டிக்கப்பட்டீர்களா" என்று மட்டும் கேட்டால், வழக்கு நிலுவையில் உள்ளவர் "இல்லை" என்று எழுதுவது பொய் அல்ல. "வழக்கு ஏதும் உள்ளதா" என்றால் "ஆம்" என்று எழுதி, சி.சி. எண்ணையும் நிலையையும் குறிப்பிடுங்கள். கட்டம் சிறியதாக இருந்தால் தனித்தாள் இணையுங்கள்.

சிறு முதலாளிகளிடம் படிவம் கிடையாது, பேச்சுதான். மாதம் ஒரு நாள் வாய்தாவுக்குப் போக வேண்டியிருந்தால், கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான்: "ஐயா, ஊரில் நடந்த ஓர் அடிதடியில் என் பெயரும் இருக்கிறது. வழக்கு நடக்கிறது. மாதம் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். "பொய்க் கேஸ்" என்று ஆரம்பிக்காதீர்கள்; எல்லோரும் அதையே சொல்வதால் அதற்கு மதிப்பில்லை. நடந்ததை விலாவாரியாகவும் சொல்லாதீர்கள். வழக்கு நடக்கும்போது "ஆமாம், கோபத்தில் அடித்துவிட்டேன்" என்று முதலாளியிடம் சொன்னது, நாளை அவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லக்கூடிய ஒப்புதலாக மாறலாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் இன்னும் மோசம்.

படி 7: ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்

அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணி நீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். தனியார் ஆலையில் விசாரணை முடியும் வரை நிறுத்திவைத்தாலும் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், பிறகு விகிதம் உயரும். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அதுவும் போய்விடும். "நீயே எழுதிக் கொடுத்துவிடு, பெயர் கெடாது" என்று யார் சொன்னாலும் ஒரு நாள் அவகாசம் கேட்டு வழக்கறிஞரிடம் வாருங்கள்.

படி 8: தண்டனை முடிந்து வெளியே வந்தவர்கள்

விடுதலைச் சான்றையும், உள்ளே தையலோ நெசவோ பேக்கரியோ கற்றிருந்தால் அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஆதார் தொலைந்திருந்தால் முதல் வாரத்திலேயே அதைச் சரி செய்யுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கு, நல வாரியப் பதிவு எதுவும் நகராது. நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பாருங்கள். விடுதலையான சிறைவாசிகளுக்குச் சிறு உதவிகள் செய்யும் சங்கத்துக்கு வழி காட்டுபவர் அவர்தான். சொந்தமாகத் தொழில் தொடங்க மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம்.

முதல் குற்றத்தில் சிறைக்கு அனுப்பாமல், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றம் விடுவித்திருந்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு உங்களுக்குப் பொருந்தாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வேலையில் இருப்பவர் மேல் துறை நடவடிக்கை வருவதை மட்டும் அது தடுக்காது. தீர்ப்பு வரப்போகிறது என்றால், இந்தச் சட்டத்தின் பயனைக் கேட்கும்படி உங்கள் வழக்கறிஞருக்கு முன்கூட்டியே நினைவூட்டுங்கள். குற்றவாளி என்று சொன்ன பிறகு தண்டனை பற்றிப் பேச நீதிபதி தரும் நேரம் சில நிமிடங்கள்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு முதல் வாய்தா வரும். காலையில் டவாலி பெயரைக் கூப்பிடும்போது கூண்டருகே நின்றுவிட்டு, வெளியே வந்ததும் அடுத்த தேதியைக் குமாஸ்தாவிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டால் நேராகப் பட்டறைக்குப் போய், அந்தச் சீட்டை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, மீதி நாள் வேலையைப் பாருங்கள்.